பந்திக்கு வராத பத்து வருடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு திருநெல்வேலி வட்டாரத்தில், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு கிராமச் சபையில் நடந்தது. 2022-ல் நான் அந்தச் சேகரத்துக்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபை வட்டத்துக்கு, குருவாக மாற்றலாகி வந்தேன். பந்தி என்று இங்கே சொல்வது திருவிருந்தை; ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் பெறுவது. சம்பந்தப்பட்டவரும், அவரால் பாதிக்கப்பட்டவரின் மகளும் இதை வாசித்துப் பார்த்தார்கள். சில வரிகளை எடுக்கச் சொன்னார்கள். எடுத்த பிறகு சம்மதம் தந்தார்கள். ஊரையும் ஆட்களையும் காட்டிக்கொடுக்கக் கூடியவற்றை விட்டிருக்கிறேன்.

இதில் 'அக்கா' என்று வருகிறவர் தவறு செய்தவர். நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். 'மதினி' என்று வருகிறவர் ஏமாற்றப்பட்டவர். அக்கா அவரை அப்படித்தான் கூப்பிட்டார்.

அக்காவுக்கு இப்போது 57 வயது. வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடையும் ஜாக்கெட்டும் தைக்கிறவர். கணவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் சென்னையில் இருக்கிறார்.

2011 அக்டோபரில் அக்கா தெருவில் ஒரு குலுக்கல் சீட்டு பிடித்தார். 20 பேர், மாதம் 1,000 ரூபாய், 20 மாதம். பதிவில்லாமல் சீட்டு நடத்தக் கூடாது என்று 1982-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் தெருச் சீட்டுக்கு ஒரு 80 பக்க நோட்டும் பெயர் எழுதிய சீட்டைப் போட்டுக் குலுக்க ஒரு டம்ளரும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் நம்பிக்கை. மதினி கணவரை இழந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். "என் பேரைக் குலுக்காதே, கடைசிச் சீட்டை எனக்கு வை, மக கல்யாணத்துக்கு ஆகும்" என்று சொல்லி வைத்திருந்தார்.

2013 மே மாதம் கடைசிச் சீட்டு. அக்கா கையில் 20,000 ரூபாய் சேர்ந்தது. அதே வாரம் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். இரண்டே மாதத்தில் புரட்டிக் கொடுத்துவிடலாம் என்று எடுத்துக் கட்டிவிட்டார். புரட்ட முடியவில்லை. செப்டம்பரில் மதினி ஆறு பேர் முன்னால், சீட்டு குலுக்கும் அதே முற்றத்தில், பணத்தைக் கேட்டார். முந்தின இரவே அக்கா நோட்டைத் திருத்தி வைத்திருந்தார். 13-ஆம் மாதம் தான் எடுத்த சீட்டை மதினி பெயருக்கும், மதினியின் கடைசிச் சீட்டைத் தன் பெயருக்கும் மாற்றியிருந்தார். நோட்டை விரித்துக் காட்டி, "மதினி போன வருசமே வாங்கிட்டு மறந்துட்டாவ" என்றார். கூட இருந்தவர்களில் யாருக்கும் 13-ஆம் மாதம் யார் எடுத்தது என்று சரியாக நினைவில்லை. பேச்சு அதோடு முடிந்தது.

மகளின் கல்யாணம் எட்டு மாதம் தள்ளிப்போய்க் கடன் வாங்கி நடந்தது. 2015-ல் மதினி சிறுநீரகக் கோளாறில் இறந்துபோனார்.

கண்ணில் பட்டவை

இதில் எதுவும் எனக்கு அப்போது தெரியாது. நான் பார்த்தது ஓடியாடி ஊழியம் செய்கிற ஒரு சபையாரைத்தான். சனிக்கிழமை கோயில் கூட்டுவது, பீட விரிப்பு துவைப்பது, சபை விருந்தான அசனத்துக்குக் காய் வெட்டுவது என்று எதைக் கேட்டாலும் "அக்காதான் பாத்துக்கிடுவா" என்பார்கள். குருவாக வருகிறவருக்கு இப்படி ஒருவர் கிடைத்தால் சந்தோஷம்தான். நானும் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. மாதம் தவறாமல் காணிக்கைப் பையில் ஒரு பழுப்புக் கவர் விழும். உள்ளே 500 ரூபாய், பெயர் இருக்காது. பல வருடங்களாக விழுகிறது என்று பொருளாளர் சொன்னார். 2022 ஸ்தோத்திரப் பண்டிகை சமயத்தில் நான் அந்தக் கவரை வைத்தே ஒரு பிரசங்கம் செய்தேன். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6-ஆம் அதிகார வசனம். "இந்தச் சபையில் ஒரு பரிசுத்தவான் இருக்கிறார், யாரென்று எனக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும்" என்றேன். நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வெளியே போனார். கைக்குழந்தை ஏதோ அழுதது, பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். பின்னாளில் அவர் சொன்னார்: "அன்னைக்கு நீங்க என்னைச் சபை முன்னால அறைஞ்ச மாதிரி இருந்துச்சு ஐயா."

2023 ஏப்ரல் 6, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் ஆராதனை. எல்லோரும் திருவிருந்துக்கு முன்னால் வர, கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அக்காதான். முடிந்த பிறகு, "நீங்க வரலையாக்கா?" என்றேன். "அடுத்த தடவை ஐயா" என்றார். கோயில் பணியாளரான கோவில்பிள்ளை பிறகு தனியே சொன்னார், "அவ பந்திக்கு வந்தே வருசக்கணக்காச்சு. அந்த நேரத்துக்குன்னு ஒரு வேலை வச்சிருப்பா."

சபையில் ஒருவர் பத்து வருடமாகத் திருவிருந்து எடுக்கவில்லை, அது யாருக்கும் ஒரு விஷயமாகப் படவில்லை. வேலை செய்துகொண்டே இருக்கிறவரிடம் யார் போய்க் கேட்பார்கள்?

முதல் சந்திப்பு, என் அவசரம்

ஜூன் மாதம் அவர் கணவர் குருமனைக்கு வந்து, "அவ ராத்திரி தூங்கவே மாட்டேங்கா, மூணு மணிக்கு எழுந்து உக்காந்துக்கிடுதா, வந்து ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றார். போனேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "நான் பெரிய பாவம் பண்ணியிருக்கேன் ஐயா" என்று ஆரம்பித்தார். கணவர் பக்கத்தில் இருந்தார். அழுகை வரும் போலிருந்தது. நான் என்ன பாவம் என்று கேட்கவில்லை. 1 யோவான் 1:9-ஐச் சொல்லி, அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பதற்கு உண்மையுள்ளவர், அதை விட்டுவிடுங்கள் என்று சொல்லி, ஜெபித்து, காப்பி குடித்துவிட்டு வந்தேன். மொத்தம் இருபது நிமிடம் இருக்கும்.

அடுத்த இரண்டு மாதம் அவர் கோயிலுக்கே வரவில்லை. கவர் மட்டும் கணவர் கையில் வந்தது.

என்ன பாவம் என்றே கேட்காமல் மன்னிப்பு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நான் சொன்ன வசனத்திலேயே 'அறிக்கையிட்டால்' என்று இருக்கிறது. அறிக்கையிட இடமே கொடுக்காமல் அடுத்த பாதிக்குத் தாவியிருந்தேன்.

நோட்டு

செப்டம்பர் இரண்டாம் வாரம் அவராகவே வந்தார். வராந்தாவில் உட்கார்ந்தோம். என் மனைவி உள்ளே கண்ணில் படும் இடத்தில் இருந்தார். பெண்கள் தனியாகப் பேச வரும்போது இப்படித்தான் வைத்துக்கொள்வது. அக்கா ஒரு மஞ்சள் பையிலிருந்து நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். ஓரம் கறையான் அரித்த 80 பக்க நோட்டு. கட்டம் போட்டு, ஊதா மையில் பெயர்கள். இரண்டே இரண்டு இடத்தில் மட்டும் மை கறுப்பு. பழைய பெயரைப் பிளேடால் சுரண்டியிருந்ததில் தாள் மெலிந்து, விரலை வைத்தால் பின்பக்கம் தெரிந்தது. பத்து வருடம் அதைப் பீரோவில் கல்யாணப் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருந்தார்.

"இதை எரிச்சிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எரிச்சா நான் செய்யலைன்னு ஆயிருமே ஐயா."

இரண்டு மணி நேரம் பேசினார். பெரும்பாலும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் பேச்சில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, மதினியைத் தானே கொன்றுவிட்டதாக நம்பினார். இரண்டு, 1 கொரிந்தியர் 11-ல் 'அபாத்திரமாய்' (தகாத விதமாக) புசித்துப் பானம்பண்ணுகிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பு (தண்டனைத் தீர்ப்பு) வரும்படி அப்படிச் செய்கிறான் என்று வருகிறதே, அது தன்னைத்தான் சொல்கிறது என்றார். மூன்றாவது அந்தக் கவர். 2013 அக்டோபரிலிருந்து மாதம் 500, கணக்குப் போட்டால் 60,000 ஆகிறது. எடுத்தது 20,000. "சகேயு நாலத்தனையா கொடுத்தான், நான் இப்பதான் மூணு மடங்குக்கு வந்திருக்கேன்" என்றார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்ன வரி வசூலிக்கிறவன்.

எனக்கு விஷயம் பிடிபட்டது அந்தக் கவரில்தான். மதினி வீட்டுக்குத் தர வேண்டிய பணத்தை ஆண்டவருக்குக் கட்டிக்கொண்டிருந்தார். ஆண்டவரிடம் சும்மா வாங்கிக்கொள்ள வேண்டியதை விலை கொடுத்து வாங்கப் பார்த்தார். இரண்டு கணக்கும் ஒன்றாகக் கலந்திருந்ததால் எதுவும் தீரவில்லை. சகேயு நாலத்தனையாய்ச் செலுத்துகிறேன் என்றது தான் அநியாயமாய் வாங்கினவர்களுக்கு; தேவாலயப் பெட்டிக்கு இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் மருத்துவர். பேச்சினிடையே, "ரெண்டு தடவை கிணத்துப் பக்கம் போயிட்டு வந்தேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு வேதபாடத்துக்குப் போக முடியாது. சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்டேன். கேட்டது அவருக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அவர் சம்மதத்தோடு கணவரிடம் பேசி, மறுநாளே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு மூவரும் போனோம். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை தந்தார்கள். ராத்திரி நேரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கணவரின் போனில் பதிந்து வைத்தோம். மாத்திரை போட்டால் விசுவாசம் குறைந்துபோகும் என்று சபையில் சிலர் நினைக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டேதான் அப்படிச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தோம். ஒரு பக்கம் 'நான் செய்தது', மறுபக்கம் 'நடந்தது'. இடது பக்கம் பணத்தை எடுத்தேன், நோட்டைத் திருத்தினேன், பொய் சொன்னேன் என்று அக்காவே எழுதினார். மதினியின் சாவையும் அதே பக்கத்தில் எழுதப் போனார். மதினிக்கு எப்போதிருந்து உடம்பு சரியில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தார். 2010-ல், சீட்டு தொடங்குவதற்கு முன்பே, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு மதினியைக் கூட்டிப்போய்க் கிட்னி பழுது என்று கேட்டுவந்ததே அக்காதான். பத்து வருடக் குற்றவுணர்வில் அந்த நினைவு எங்கோ போயிருந்தது. சாவை வலது பக்கம் எழுதினார். கல்யாணம் தள்ளிப்போனதைக் கோட்டின்மேலேயே எழுதினார். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

இதை ஏன் செய்தோம் என்றால், செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு கேட்க முடியாது. கேட்டாலும் கிடைத்த மாதிரி இருக்காது. செய்ததும் செய்யாததும் ஒரே மூட்டையாக இருக்கும்வரை, மன்னிப்பு என்ற சொல் அவர் காதில் விழுந்தாலும் ஒட்டவில்லை.

'அபாத்திரமாய்' என்ற சொல்லுக்கு இரண்டு மாலை ஆயிற்று. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியாய் இருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கேட்கிறார். அங்கே பேச்சு புசிக்கிற விதத்தைப் பற்றியது. அதனால் அந்த வசனத்துக்கும் அக்காவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். இல்லாத ஒருத்தியை ஆறு பேர் முன் வெட்கப்படுத்தியவர்தானே அவர். அவருடைய பயத்தில் பாதி நியாயம் இருந்தது. ஆனால் அதே இடத்தில் 28-ஆம் வசனம், தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்கிறது. சோதித்தறிந்து எழுந்து போ என்று சொல்லவில்லை. "அப்ப பாத்திரம் கழுவப் போகச் சொல்லலை" என்றார் அக்கா. அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

ரோமர் 8:1 கைகொடுக்கும் என்று நினைத்தேன், அது எதிர்பக்கம் திரும்பியது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம், "மாம்சத்தின்படி நடவாமல் ஆவியின்படியே நடக்கிறவர்களுக்கு" என்று சேர்த்துத்தான் ஆக்கினைத்தீர்ப்பில்லை என்கிறது. அக்கா அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டார். பழமையான பிரதிகளில் அந்த வசனத்தில் அந்தத் துண்டு இல்லை, புதிய மொழிபெயர்ப்புகள் அதை விட்டிருக்கின்றன என்று எடுத்துக் காட்டினேன். நம்பினாரா தெரியாது. குற்றவுணர்வில் இருக்கிறவர் எந்த வசனத்திலும் தனக்கெதிரான பாதியை முதலில் கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாவது முடிவுதான் கடினம்: பாவமன்னிப்பைக் கூறுவது முதலிலா, மதினியின் மகளிடம் போவது முதலிலா? பெயர் சொல்லாமல் ஓய்வுபெற்ற மூத்த ஐயர் (குரு) ஒருவரிடம் யோசனை கேட்டேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முன்பு போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், மகள்தான் முதல் என்றார் அவர். நான் மாற்றிச் செய்தேன். சகேயு வீட்டுக்கு இயேசு போவதாகச் சொன்ன பிறகுதான் சகேயு பணத்தைப் பற்றிப் பேசுகிறான். பணத்தைக் கொடுத்த பின் மன்னிப்பு என்று வைத்தால், அதுவும் இன்னொரு பழுப்புக் கவராகிவிடும் என்று பயந்தேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், இந்த உடல்நிலையில் அக்கா எங்கே நிற்பார் என்ற பயமும் இருந்தது. மூத்த ஐயர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம் கோயிலில் மூவர் மட்டும் கூடினோம். அதற்கு முந்தின வாரமே அக்கா கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவர் இரண்டு நாள் பேசவில்லையாம், மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தாராம். மனசாட்சி அமைதியில்லாதவர் குருவிடம் வந்து துக்கத்தைச் சொல்லிப் பாவ விமோசனம் பெறலாம் என்பது ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகக் காலத்திலிருந்தே நமக்கு உண்டு. ஞாயிறுதோறும் எல்லோரும் சேர்ந்து பொது அறிக்கை சொல்லிப் பழகியதில், தனியாக வரலாம் என்பதையே மறந்துவிட்டோம். அக்கா தாளின் இடது பக்கத்தை வாசித்தார். நான் தலையில் கைவைத்து மன்னிப்பைக் கூறினேன். எழுந்து நின்று, "அவ்வளவுதானா ஐயா?" என்றார்.

"அவ்வளவுதான்க்கா."

இனிமேல் கவர் போட வேண்டாம் என்றேன். அழுகை அதற்குத்தான் வந்தது.

மகளைச் சந்தித்தது

மதினியின் மகளுக்கு 34 வயது. தூத்துக்குடிப் பக்கம் கணவர், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். அக்காவுக்கு உடனே பஸ் ஏறிவிட வேண்டும். நான் தடுத்தேன். திடீரென்று வாசலில் போய் நின்று அழுதால், அந்தப் பெண் தன் கோபத்தை விட்டுவிட்டு இவரைத் தேற்ற வேண்டியதாகிவிடும். முதலில் கடிதம், கேட்க விருப்பம் இருந்தால் சந்திப்பு என்று வைத்தோம். கடிதத்தில் காரணம் எதுவும் எழுதக் கூடாது, மகன் ஃபீஸ் பற்றி ஒரு வரியும் கூடாது என்றேன். ஏழு தடவை எழுதினார். ஏழாவது ஒன்றரைப் பக்கம்.

பணம் எவ்வளவு என்ற கேள்விக்கு அக்காவே பதில் சொன்னார். 2013-ல் 20,000 என்பது கிட்டத்தட்ட ஒரு பவுன் விலை. மதினி அதைத் தாலிச் செயினுக்குத்தான் வைத்திருந்தார். அதனால் இன்றைய ஒரு பவுன் விலை. அப்போது அது 45,000-ஐத் தாண்டியிருந்தது. சேமிப்பிலிருந்து எடுத்தார். மகன் தருகிறேன் என்றதை வாங்கவில்லை.

கடிதம் போன பிறகு, கிறிஸ்துமஸ் வாரம் சந்திக்கலாம் என்று பதில் வந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தப் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி உடைத்துக்கொண்டு ஓடியது. மகள் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். "நான் வாயைத் திறந்தேன், ஆண்டவர் வெள்ளத்தை அனுப்பிட்டார்" என்றார் அக்கா. இரண்டு மாவட்ட ஜனங்களையும் முக்கி உங்களுக்குப் பதில் சொல்லுகிற தேவன் இல்லைக்கா என்றேன். அரிசியும் பாயும் வாங்கிக்கொண்டு போகட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். நிவாரணப் பொருளோடு மன்னிப்பு கேட்டால் எதிரிலிருப்பவர் எப்படி மறுப்பார்? சபை மூலம் அந்தத் தெருவுக்கே பொருள் போனது, அதில் அக்காவின் பெயர் வராமல் பார்த்துக்கொண்டோம்.

பொங்கல் விடுமுறையில் மகள் ஊருக்கு வந்தார். அவருடைய மாமா வீட்டு வராந்தாவில் பேசினோம். அக்கா நின்றுகொண்டே சொல்லி முடித்து, பணம் வைத்த கவரையும் நோட்டையும் திண்ணையில் வைத்தார். மகள் கவரைத் தொடவில்லை. நோட்டைப் புரட்டி, சுரண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அத்தை, காசு போனது பெருசில்ல. எங்கம்மை சாகுற வரைக்கும் தன்னைத்தானே சந்தேகப்பட்டா. 'நான்தான் வாங்கி எங்கயோ வச்சு மறந்துட்டேனோ'ன்னு டிரங்குப் பெட்டியைத் திறந்து திறந்து பாப்பா. கடைசியில எனக்குமே அம்மைக்குப் புத்தி பிசகிருச்சோன்னு தோணிச்சு. அவ சொன்னதை நானே நம்பலை."

அக்கா எழுதிய தாளில் இது எந்தப் பக்கத்திலும் இல்லை.

மன்னித்தேன் என்று மகள் சொல்லவில்லை. "இப்ப என்னால முடியாது" என்றார். ஒன்று மட்டும் கேட்டார்: அன்று முற்றத்தில் கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நாங்களும் அந்த யோசனையில்தான் இருந்தோம். சபை முழுவதற்கும் அறிவிப்பது அக்காவை வேடிக்கைப் பொருளாக்கிவிடும். பொய் எத்தனை பேர் காதில் விழுந்ததோ அத்தனை பேருக்கு உண்மை போய்ச் சேர வேண்டும், அது போதும். ஆறு பேரில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் மும்பையில். நான்கு பேரை அதே முற்றத்துக்கு அழைத்து அக்கா சொன்னார். மும்பைக்குப் போனில். ஒருவர், "இத்தனை வருசம் கழிச்சு இது எதுக்கு?" என்று சிரித்தார். ஒருவர் அன்றிலிருந்து அக்காவோடு பேசுவதில்லை.

பிறகு நடந்தது

அடுத்த இரண்டு வாரம் மோசம். தூக்கம் மறுபடி போனது, மருத்துவர் மாத்திரையை மாற்றினார். பெரிய தப்பு பண்ணிவிட்டேனோ என்று எனக்கே தோன்றியது. டிரங்குப் பெட்டி அக்காவை விடவில்லை. "இதுக்கும் சேத்துதான் அன்னைக்கு மன்னிப்பு சொன்னீங்களா? இது அப்பத் தெரியாதே" என்று கேட்டார். நல்ல கேள்வி. நமக்குத் தெரிந்ததை மட்டும் மன்னிக்கிறவர் என்றால் யாருமே தப்ப முடியாது என்றேன். 1 யோவான் 3:20-ஐ மெதுவாக வாசித்தோம். நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்த்தாலும், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர், சகலத்தையும் அறிந்திருக்கிறார். இருதயம் பொய் சொல்கிறது என்று யோவான் சொல்லவில்லை. அதற்கு மேல் ஒருவர் இருக்கிறார் என்கிறார். அக்கா அதை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தையல் மெஷின் டிராயரில் போட்டுக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து (தபசு) நாட்களில் ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. "அவ மன்னிக்கலையே, நான் எப்படிப் பந்திக்கு வாரது?" மகளின் மன்னிப்பு மகளுடையது, அது எப்போது வரும், வருமா என்பது அவர் கையில். அதற்காகக் காத்திருப்பது மகள் தலையில் இன்னொரு சுமையை வைப்பது என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

2024 மார்ச் 28, பெரிய வியாழன். வெஸ்ட்ரியில் சத்தம் இல்லை. கடைசி வரிசையில் கணவரோடு வந்து பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் முழங்கால்படியிட்டார். ஊசி குத்திக் காய்த்த விரல்கள் மூடியே இருந்தன. அப்பத்தை வைக்க இடமில்லை. "கையைத் திறங்கக்கா" என்று சொல்ல வேண்டியிருந்தது.

மாத்திரையை மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 2024 கடைசியில் நிறுத்தினார். தூக்கம் பரவாயில்லை. உறுத்தல் போய்விட்டதா என்று கேட்டால், "வரும், உக்காரும், போயிரும். முன்னே குடியிருந்துச்சு" என்கிறார். கோயில் கூட்டுவதை மாதம் இரண்டு சனிக்கிழமையாகக் குறைத்துக்கொண்டார். சிலருக்கு அதில் வருத்தம்.

2025 தொடக்கத்தில் மகளின் மாமா வந்து அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கிப் போனார். மகள் சொல்லி அனுப்பியிருந்தார்: அம்மையின் கல்லறை வெறும் மண்மேடாகக் கிடக்கிறது, கட்டிப் பெயர் பொறிக்க வேண்டும். கல் வைக்கிற அன்று அத்தை வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அக்கா போகவில்லை. அது மே கடைசி, பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது, பதினாறு சீருடை பாக்கி என்று மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு முறை என்றால்

ஜூன் மாதத்து இருபது நிமிடத்தைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். பெயரில்லாத கவரைப் பற்றி இனி பிரசங்கம் செய்ய மாட்டேன். திருவிருந்துக்கு வராதவர்களை இப்போது கவனித்து வைக்கிறேன். பெயர்ப்பட்டியல் எதுவும் கிடையாது. மூன்று மாதம் ஒருவரைக் காணவில்லை என்றால் வீட்டுக்குப் போய் வேறு எதையாவது பேசிவிட்டு வருகிறேன்.

தாளில் கோடு போட்டது பயன்பட்டது. ஆனால் பணத்தை எண்ண முடிந்ததால் பணத்தையே பிரதானமாக வைத்துக்கொண்டேன். அந்தப் பொய் மதினிக்குள் என்ன செய்தது என்று நானோ அக்காவோ கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் மகளைச் சந்திக்கப் போகும்போது கொஞ்சமாவது தயாராக இருந்திருப்போம்.

இன்னும் பெரிய குறை, அந்த வராந்தாவில் மகளின் பக்கம் யாரும் இல்லை. நான் அக்காவின் ஐயர். ஐந்து மாதம் அக்காவோடு பேசித் தயார் செய்திருந்தேன். மகளுக்கு ஒரு கடிதம் மட்டும். அவரோடு உட்கார, அவர் கோபத்தைக் கேட்க, தனியாக ஒருவரை முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இப்போது தூத்துக்குடியில் அவருடைய சபை ஐயரம்மாவிடம் பேசி வருகிறார் என்று தெரிகிறது. அதை நான் செய்யவில்லை. அவராகவே போயிருக்கிறார்.